கல்லடிக்கு வந்து சேராத செய்தி

ஒவ்வோர் ஆண்டும் டிசம்பர் 26ஆம் திகதி காலை 9.25 மணிக்கு இலங்கை முழுவதும் இரண்டு நிமிட மௌன அஞ்சலி செலுத்தப்படுகிறது. தேசிய பாதுகாப்புத் தினம் என்று அந்நாளுக்குப் பெயர் சூட்டியிருக்கிறார்கள். 2004ஆம் ஆண்டு அந்த நேரத்தை அண்மித்துத்தான் தென்மேற்குக் கரையில் பெரலிய என்னும் ஊரில் ஓடும் புகையிரதம் ஒன்று ஆயிரத்துக்கும் மேற்பட்ட உயிர்களோடு ஆழிப்பேரலையில் அகப்பட்டது. ஆனால் கல்லடியிலும் நாவலடியிலும் டச்பாரிலும் உள்ளவர்களைக் கேட்டுப் பாருங்கள். 9.25 என்பது அவர்களுக்கு அலை வந்த நேரமன்று. அலை வந்து போய், பிள்ளைகளின் பெயரைச் சொல்லிக் கூவிக்கொண்டு சேற்றில் அலைந்த நேரம்.

கிழக்கை ஒன்பது மணியளவில் அழித்த கடல், தென்மேற்கை அழிக்க மேலும் ஏறத்தாழ அரை மணி நேரம் எடுத்துக்கொண்டது. இத்தனை சிறிய தீவில் கிழக்கின் சாவுச் செய்தி அந்த அரை மணி நேரத்தில் தென்மேற்குக் கரையைக் காப்பாற்றப் பயன்படவில்லை. சுமாத்திராவின் செய்தி இரண்டு மணி நேரத்தில் கிழக்கைச் சென்றடையவில்லை. நாற்பது ஆண்டுகள் செய்தியோடு வாழ்ந்தவன் என்ற வகையில் இந்த இரண்டு தோல்விகளும் என்னை இன்றும் உறுத்துகின்றன. முன்னெச்சரிக்கை என்ற ஏற்பாடு உலகில் எப்படி உருவாயிற்று, நமக்கு ஏன் அது பிந்திக் கிடைத்தது, கிடைத்த பிறகு அது எந்த நிலையில் இருக்கிறது என்பதை ஒழுங்காக எழுதிவைக்க வேண்டும் என்று நெடுநாள் எண்ணியிருந்தேன்.

கல்லடியை அறியாத வாசகர்களுக்காக அதன் கிடப்பை முதலில் சொல்லிவிடுகிறேன். மட்டக்களப்பு வாவி கரைக்குச் சமாந்தரமாக நீண்டு கிடப்பது. வாவிக்கும் வங்காள விரிகுடாவுக்கும் இடையில் ஒடுங்கிய மணல் திட்டு ஒன்று. அதன் மேல்தான் கல்லடி இருக்கிறது. வடக்கே போகப் போகத் திட்டு மேலும் ஒடுங்கி, டச்பார், நாவலடி என்று நீண்டு, வாவி கடலோடு கலக்கும் முகத்துவாரத்தில் முடிகிறது. கிழக்கே கடல், மேற்கே வாவி. நகருக்குப் போவதற்குப் பிரித்தானியர் காலத்தில், 1920களில் கட்டப்பட்ட ஓர் இரும்புப் பாலம். சீமாட்டி மனிங் பாலம் என்பது அதன் பெயர். ஊரார் கல்லடிப் பாலம் என்பார்கள். பூரணை இரவுகளில் மீன்கள் பாடுவதாகச் சொல்லி வெளியூரவர்கள் தோணியில் வந்து செவிமடுப்பது இந்தப் பாலத்தின் கீழ்தான். விபுலாநந்த அடிகள் 1929இல் சிவானந்த வித்தியாலயத்தை நிறுவியதும், 1947இல் மறைந்த பின்னர் அவரது உடல் அடக்கம் செய்யப்பட்டதும் இந்த மண்ணில்தான். ஆழிப்பேரலையில் சாய்ந்துபோன திருச்செந்தூர் முருகன் ஆலயக் கோபுரத்தைப் பலரும் படத்தில் பார்த்திருப்பீர்கள். அதுவும் இங்கேதான்.

இப்படிப்பட்ட திட்டில் கடல் ஏறினால் மேட்டு நிலம் என்று ஓட ஒன்றுமில்லை. பின்னால் வாவி மறிக்கும். பாலத்தை எட்ட வேண்டும், அல்லது தோணி வேண்டும், அல்லது உறுதியான மாடி வேண்டும். இம்மூன்றுக்கும் நேரம் வேண்டும்.

அந்த நேரம் இருந்ததா? இருந்தது.

2004 டிசம்பர் 26 அன்று சுமாத்திராவுக்கு மேற்கே கடலடியில் நிலம் பிளந்தபோது இலங்கை நேரம் காலை 6.59 மணி. பிளவு வடக்கு நோக்கி நிக்கோபார், அந்தமான் தீவுகள் வரை 1,200 கிலோமீற்றருக்கு மேல் நீண்டது. அதன் அளவு 9.1 எனப் பின்னர் கணிக்கப்பட்டது. ஆழ்கடலில் இத்தகைய அலையின் வேகம் நீரின் ஆழத்தைப் பொறுத்தது. நாலாயிரம் மீற்றர் ஆழத்தில் அது மணிக்கு ஏறத்தாழ 700 கிலோமீற்றர் வேகத்தில் செல்லும். பத்து மீற்றர் ஆழமுள்ள கரையோரத்தில் 36 கிலோமீற்றராகக் குறைந்து, அக்குறைவுக்கு ஈடாக உயரத்தில் பெருகும். ஆகவே வங்காள விரிகுடாவைக் கடந்து நம் கரைக்கு வர அதற்குச் சற்றேறக்குறைய இரண்டு மணி நேரம் தேவைப்பட்டது.

அந்த இரண்டு மணி நேரத்தில் நடந்தவை பதிவாகியிருக்கின்றன. ஹவாயில் உள்ள பசுபிக் ஆழிப்பேரலை எச்சரிக்கை நிலையம் 7.14 மணிக்கு, அதாவது நிலம் அதிர்ந்து பதினைந்து நிமிடங்களில், முதல் அறிக்கையை வெளியிட்டது. அதிர்ச்சியின் அளவு 8.0 என்றும், பசுபிக் கரைகளுக்கு ஆபத்தில்லை என்றும் அது கூறியது. 8.04 மணிக்கு இரண்டாவது அறிக்கை வந்தது. அளவு 8.5 ஆகத் திருத்தப்பட்டு, அதிர்ச்சி மையத்துக்கு அண்மையில் ஆழிப்பேரலை எழ வாய்ப்புண்டு என்ற வரியும் சேர்க்கப்பட்டது. கல்லடிக்கு அப்போது இன்னும் ஏறத்தாழ ஒரு மணி நேரம் இருந்தது. ஆனால் அந்த நிலையத்திடம் இருந்த முகவரிகள் பசுபிக் நாடுகளின் முகவரிகள். இந்து சமுத்திரத்தில் இரவு பகலாக விழித்திருந்து செய்தியைப் பெற்றுக்கொள்ளவும், பெற்றதை மக்களிடம் சேர்க்கவும் ஒருவரும் நியமிக்கப்பட்டிருக்கவில்லை. நமது நாட்டிலேயே கண்டிக்கு அருகில் பல்லேகலையில் 2000ஆம் ஆண்டு முதல் ஒரு நிலநடுக்கப் பதிவுக் கருவி இயங்கிவந்தது. உலக வலையமைப்பின் அங்கமான அக்கருவி அன்றைய அதிர்ச்சியையும் பதிவுசெய்தது. அந்தப் பதிவைப் பார்த்து அபாயச் சங்கை ஊத வேண்டிய பொறுப்பு எவரிடமும் இருக்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை, பூரணை தினம், நத்தாருக்கு மறுநாள். அலுவலகங்கள் எல்லாம் பூட்டியிருந்தன.

இங்கே என்னைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். அன்று காலை நான் கொழும்பில், நான் பணியாற்றிய பத்திரிகையின் செய்தி மேசையில் இருந்தேன். சுமாத்திராவுக்கு அருகே கடுமையான நிலநடுக்கம் என்ற செய்தி வெளிநாட்டுச் செய்திச் சேவையில் வந்தது. படித்தேன். வெளிநாட்டுச் செய்திப் பக்கத்தில் மூன்று அங்குலம் ஒதுக்கலாம் என்று தாளின் மூலையில் குறித்துவைத்தேன். சுமாத்திராவுக்கும் எங்கள் வீட்டுக்கும் நடுவில் கடலைத் தவிர வேறொன்றும் இல்லை என்பது என் மனதில் தோன்றவேயில்லை. சிறிது நேரத்தில் தொலைபேசி மணி அடித்தது. கல்லடியில் இருந்து என் மைத்துனர்.

"மச்சான், கடல் ஊருக்குள்ள வந்திட்டு."

அவ்வளவுதான். தொடர்பு அறுந்துவிட்டது. அதன் பின்னர் அவர் குரலைக் கேட்க இரண்டு நாட்கள் ஆயின. அவர் தப்பினார், அவர் வீட்டில் இருந்த எல்லோரும் தப்பவில்லை. அந்த மூன்று அங்குலக் குறிப்பை நான் கிழித்தெறியவில்லை.

இனி வரலாற்றுக்கு வருவோம். கடல் நிலத்தை விழுங்குவது தமிழனுக்குப் புதிய செய்தியன்று. கடற்கோள் என்று அதற்கு நம்மிடம் பழஞ்சொல் உண்டு. தமிழ்ச் சங்கங்களைக் கடல் கொண்ட கதையை இறையனார் களவியல் உரை சொல்கிறது. காவிரிப்பூம்பட்டினம் கடலுள் மறைந்ததை மணிமேகலை சொல்கிறது; இந்திர விழா எடுக்க மன்னன் தவறியதே காரணம் என்கிறது. சிங்களவரின் மகாவம்சத்தில் களனி மன்னன் ஒரு தேரரைக் கொன்ற பாவத்துக்காகக் கடல் பொங்கியதாகவும், அவன் மகள் தோணியில் ஏற்றிக் கடலில் விடப்பட்டதாகவும் கதை வருகிறது. மொழியும் சமயமும் வேறாயினும் விளக்கம் ஒன்றுதான்: அரசன் பிழை செய்தான், கடல் தண்டித்தது. மீண்டும் கடல் எழுந்தால் குடிமக்கள் என்ன செய்ய வேண்டும் என்று இவற்றில் ஒரு சொல்லும் இல்லை. நினைவை நாம் காத்துவந்தோம். அதிலிருந்து ஒரு பழக்கத்தை உருவாக்கவில்லை.

அண்மைக்காலச் சான்றுகளும் இருந்தன. 1881 டிசம்பர் 31 அன்று கார் நிக்கோபார் அருகே ஏற்பட்ட நிலநடுக்கத்தின் அலை, சென்னையிலும் நாகப்பட்டினத்திலும் இருந்த கடல்மட்ட அளவுகருவிகளில் பதிவாயிற்று. இருபது மாதங்கள் கழித்து, 1883 ஓகஸ்ட் 27 அன்று, கிரகட்டோவா எரிமலை வெடித்தது. அதன் அலை இலங்கைக்கும் வந்தது. காலியில் கடல் வற்றி மீண்டும் பெருகியதைப் பலர் கண்டனர். நமது கிழக்குக் கரையிலேயே, அறுகம்குடாவை அண்டிய பாணமைப் பகுதியில், ஒரு பெண் அந்த நீரில் அள்ளுண்டு உயிரிழந்ததாகப் பதிவு உண்டு.

1883இல் சென்னையும் பினாங்கும் சிங்கப்பூரும் கடலடித் தந்திக் கம்பியால் இணைக்கப்பட்டிருந்தன. இலங்கைக்கும் இந்தியாவுக்கும் இடையிலும் தந்தி இருந்தது. அதாவது, அலையை முந்திச் செல்லக்கூடிய செய்திச் சாதனம் 2004க்கு 121 ஆண்டுகளுக்கு முன்பே நம் கடலில் இருந்தது. கிரகட்டோவா வெடித்த செய்தி இலண்டன் பத்திரிகைகளுக்கு விரைந்தது. கரையில் இருப்பவனுக்குச் சொல்ல வேண்டும் என்ற எண்ணம்தான் எவருக்கும் எழவில்லை. சாதனம் இருப்பது ஒன்று, அதைக் கொண்டு யாருக்கு என்ன சொல்ல வேண்டும் என்ற ஏற்பாடு இருப்பது வேறொன்று என்பதை இதிலிருந்து அறியலாம்.

அந்த ஏற்பாட்டை முதலில் செய்தவர்கள் அதிகம் இழந்தவர்களே. ஜப்பானில் 1854ஆம் ஆண்டு ஒரு கிராமத்தில் ஹமகுச்சி கொர்யோ என்பவர் அறுவடை செய்த நெற்போரைக் கொளுத்தி, அந்த வெளிச்சத்தால் இருளில் தடுமாறிய ஊராரை மேட்டுக்கு வழிநடத்தினார். நவம்பர் 5ஆம் திகதியை உலக ஆழிப்பேரலை விழிப்புணர்வு தினமாக ஐக்கிய நாடுகள் சபை 2015இல் அறிவித்தமைக்கு அச்சம்பவமே காரணம். 1896இல் சன்ரிக்கு கரையில் இருபதாயிரத்துக்கும் மேற்பட்டோர் மாண்டனர். நாடு தழுவிய எச்சரிக்கை முறை அங்கு 1952இல் நிலைபெற்றது. அமெரிக்காவுக்கு வந்த பாடம் 1946 ஏப்ரல் 1 அன்று. அலாஸ்காவை அடுத்த அலூசியன் தீவுகளில் எழுந்த அலை ஹவாயில் 159 பேரைக் கொன்றது. மூன்று ஆண்டுகளில், 1949இல், ஹவாயில் எச்சரிக்கை நிலையம் அமைந்தது.

நிலையம் அமைந்ததோடு கதை முடியவில்லை. 1960 மே 22 அன்று சிலியில் 9.5 அளவான நிலநடுக்கம் ஏற்பட்டது. ஹவாய்க்கு எச்சரிக்கை பல மணி நேரம் முன்னதாகவே கிடைத்தது. ஹைலோ நகரில் அபாயச் சங்கும் ஊதினார்கள். ஆயினும் 61 பேர் இறந்தார்கள். சங்கொலியைக் கேட்ட பலருக்கு அதன் பொருள் விளங்கவில்லை. ஆயத்தமாக இருக்கச் சொல்கிறதா, உடனே வெளியேறச் சொல்கிறதா என்ற குழப்பம். சிலர் அலையைப் பார்க்கக் கரைக்கே போனார்கள். அதன் பிறகுதான், 1965இல், பசுபிக் நாடுகள் எல்லாம் யுனெஸ்கோவின் கீழ் ஒன்றுகூடிப் பொதுவான எச்சரிக்கை முறையை வகுத்தன. இந்து சமுத்திரம் அந்த வட்டத்துக்கு வெளியே நின்றுவிட்டது. அபூர்வமாக வரும் ஆபத்துக்குச் செலவு செய்ய வறிய நாடுகள் துணியவில்லை. தாய்லாந்தில் வானிலைத் துறையின் முன்னாள் தலைவர் சமித் தம்மசரோஜ் 1998இல் இந்த ஆபத்தைச் சுட்டிக்காட்டியபோது, உல்லாசப் பயணிகளை அச்சுறுத்துகிறார் என்று அவர்மீது பாய்ந்தார்கள்.

2004இல் நடந்த இரண்டு சம்பவங்களை இங்கு ஒப்பிட்டுப் பார்ப்பது நல்லது. முதலாவது, சுமாத்திராவை அடுத்த சிமலூ தீவு. நிலநடுக்க மையத்துக்கு மிக அண்மையில் உள்ள தீவு அது. அங்கு ஏறத்தாழ 78,000 பேரில் இறந்தவர்கள் ஏழு பேர் மட்டுமே. 1907இல் கடல் தங்களை அழித்த கதையை அவர்கள் தாலாட்டாகவும் பேச்சாகவும் பிள்ளைகளுக்குச் சொல்லி வந்தார்கள். நிலம் பலமாக அதிர்ந்தால், கடல் வற்றினால், மலைக்கு ஓடு. இவ்வளவுதான் பாடம். கருவி ஏதும் வேண்டியிருக்கவில்லை.

இதைப் படித்துவிட்டு, நாமும் பாட்டுக் கட்டிப் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்தால் போதுமே என்று எழுதியவர்கள் உண்டு. நானும் ஒருகாலத்தில் அப்படி எழுதியவன்தான். ஆனால் கல்லடியின் நிலை வேறு. சுமாத்திரா நமக்கு 1,500 கிலோமீற்றருக்கு அப்பால் இருக்கிறது. அங்கு நிலம் பிளந்தபோது கல்லடியில் உறங்கியவர்கள் உறக்கம் கலையவில்லை. இரண்டாவது அடையாளமும் இல்லை. கடலடி நிலம் மேலெழுந்த பக்கம் மேற்கே நம்மை நோக்கியிருந்தபடியால், தாய்லாந்தில் போலக் கடல் முதலில் உள்வாங்காமல், நம் கிழக்குக் கரையில் நேரே ஏறிவந்தது. 1978 நவம்பர் 23ஆம் திகதி மட்டக்களப்பைப் புரட்டிப்போட்ட சூறாவளியைக் கண்டவர்கள், காற்றுக்கு முன்னடையாளம் உண்டு என்பார்கள். இதற்கு அப்படி எதுவும் இருக்கவில்லை. சிமலூவுக்கு அடையாளம் கிடைத்தது, நேரம் கிடைக்கவில்லை. கல்லடிக்கு நேரம் கிடைத்தது, அடையாளம் கிடைக்கவில்லை. ஆகவே கல்லடியில் இருப்பவனைக் காப்பாற்றக்கூடியது எங்கோ இருக்கும் வேறொருவனின் வார்த்தை மட்டுமே.

அந்த வார்த்தை எப்படி வர வேண்டும் என்பதற்கு இரண்டாவது சம்பவம் உதாரணம். புதுச்சேரிக்கு அருகே நல்லவாடு என்ற மீனவக் கிராமம். எம்.எஸ்.சுவாமிநாதன் ஆய்வு நிறுவனம் அங்கு ஓர் அறிவு மையம் அமைத்து, அலையின் உயரம், மீன் விலை போன்ற தகவல்களை ஒலிபெருக்கியில் நாள்தோறும் அறிவித்துவந்தது. சிங்கப்பூரில் வேலை பார்த்த அவ்வூர் இளைஞர் ஒருவர் தொலைக்காட்சியில் செய்தியைக் கண்டு ஊருக்குத் தொலைபேசியில் சொன்னார். ஊரார் மையத்தைத் திறந்து ஒலிபெருக்கியில் அறிவித்தார்கள். வீடுகளும் படகுகளும் போயின. ஆனால் அலையால் ஊரில் எவரும் சாகவில்லை. நாள்தோறும் கேட்டுப் பழகிய குரல் என்பதால் "ஓடுங்கள்" என்று அது சொன்னபோது ஊரார் ஏன் என்று கேட்டு நிற்கவில்லை. என்னிடமும் அன்று தொலைபேசி இருந்தது. நல்லவாட்டு இளைஞருக்குக் கிடைத்ததைப் போன்ற செய்தியும் என் மேசையில் இருந்தது.

இலங்கையில் மொத்தம் முப்பதாயிரத்துக்கும் மேற்பட்டோர் மாண்ட பிறகு வேலை தொடங்கிற்று. 2005ஆம் ஆண்டின் 13ஆம் இலக்க அனர்த்த முகாமைத்துவச் சட்டம் நிறைவேறியது. ஜனாதிபதியைத் தலைவராகக் கொண்ட தேசிய சபையும், அனர்த்த முகாமைத்துவ நிலையமும் உருவாயின. வெளிநாட்டு நிலையங்களின் அறிவித்தலைப் பெற்று மதிப்பிடும் பொறுப்பு வளிமண்டலவியல் திணைக்களத்துக்கும், அதை மக்களிடம் சேர்க்கும் பொறுப்பு அனர்த்த முகாமைத்துவ நிலையத்துக்கும் வந்தன. அதே 2005இல் யுனெஸ்கோவின் கீழ் இந்து சமுத்திர நாடுகளின் கூட்டமைப்பு உருவானது. 2007 ஒக்டோபரில் இந்தியாவின் எச்சரிக்கை நிலையம் ஹைதராபாத்தில் திறக்கப்பட்டது. 2011 முதல் அவுஸ்திரேலியா, இந்தியா, இந்தோனேசியா ஆகிய மூன்றும் பிராந்தியத்துக்கு எச்சரிக்கை வழங்கத் தொடங்கின. அதுவரை ஹவாயும் ஜப்பானும் இடைக்கால ஏற்பாடாக அதைச் செய்துவந்தன.

இந்த அமைப்பு இயங்கும் முறையை எளிமையாகச் சொல்லலாம். நிலநடுக்க அலை பாறைக்குள் மிக விரைவாகச் செல்லும். எனவே சில நிமிடங்களில் அதிர்ச்சி எங்கே, எவ்வளவு என்று தெரிந்துவிடும். ஆனால் எல்லா நிலநடுக்கமும் ஆழிப்பேரலையை எழுப்புவதில்லை. அலை எழுந்ததா என்று அறிய, கடலின் அடித்தளத்தில் நீரழுத்தத்தை அளக்கும் கருவியை வைக்கிறார்கள். மேலே செல்லும் நீர் ஓரிரு சென்ரிமீற்றர் உயர்ந்தாலும் அது உணரும். உணர்ந்ததை ஒலியலையாக மேலே மிதக்கும் மிதவைக்கு அனுப்பும். மிதவை அதைச் செய்மதிக்கு அனுப்பும். கரையில் உள்ள கடல்மட்ட அளவுகருவிகள் அதை உறுதிப்படுத்தும். நமக்கு இவை கொழும்பிலும் திருகோணமலையிலும் கிரிந்தையிலும் உள்ளன.

இதுவரை உள்ள பகுதி விஞ்ஞானிகளின் பொறுப்பு. இனி வருவதுதான் எனக்கு நன்கு தெரிந்த பகுதி. செய்தி கொழும்புக்கு வந்துவிட்டது. அதை நாவலடியில் வலை பின்னுபவனிடம் எப்படிக் கொண்டுசெல்வது? இதைப் பரீட்சித்துப் பார்க்க லேர்ன் ஏசியா என்ற ஆய்வு நிறுவனமும் சர்வோதய இயக்கமும் சேர்ந்து 32 கரையோரக் கிராமங்களில் ஒரு திட்டத்தை நடத்தின. செய்மதி வானொலி, கம்பியில்லாத் தொலைபேசி, கைத்தொலைபேசி, தூரத்திலிருந்து ஒலிக்கச் செய்யும் அபாய மணி எனப் பல சாதனங்களை வெவ்வேறு ஊர்களில் வைத்துப் பார்த்தார்கள். பயிற்சி பெற்ற ஊர், பெறாத ஊர் என்றும் ஒப்பிட்டார்கள். ஒரு சாதனத்தை மட்டும் நம்பலாகாது என்பது இத்தகைய முயற்சிகள் எல்லாம் கற்றுத்தரும் பாடம். கைத்தொலைபேசி வலையமைப்பு வழியாக எச்சரிக்கை அனுப்பும் முறை 2009இல் அறிமுகமானது. கரையோர மாவட்டங்களில் 77 எச்சரிக்கைக் கோபுரங்கள் நிறுவப்பட்டன.

பரீட்சை தானாகவே வந்தது. 2005 மார்ச் 28 இரவு சுமாத்திராவை 8.6 அளவான இன்னொரு நிலநடுக்கம் உலுக்கியது. இலங்கை நேரம் இரவு பத்து மணியைக் கடந்திருந்தது. சட்டம் இன்னும் நிறைவேறவில்லை, கோபுரங்களும் இல்லை. ஆனால் வானொலியும் தொலைக்காட்சியும் இம்முறை உறங்கவில்லை. என் மேசைக் கண்ணாடியின் கீழ் அப்போது ஒரு தாள் இருந்தது. ஜனவரியில் நானே எழுதிவைத்தது: கரையோர ஊர்களின் கிராம சேவையாளர்கள், கோயில் தர்மகர்த்தாக்கள், பள்ளிவாசல் நிர்வாகிகள், பங்குத் தந்தைமார் ஆகியோரின் தொலைபேசி இலக்கங்கள். கல்லடிக்கு அழைத்தேன். "தெரியும் மச்சான், பாலத்தில நிக்கிறம்" என்றார் மைத்துனர். அன்று கடல் வரவில்லை. 2007 செப்டெம்பர் 12 அன்று மீண்டும் எச்சரிக்கை; கடல் வரவில்லை. 2012 ஏப்ரல் 11 அன்று பிற்பகல் இரண்டு மணிக்குப் பின்னர் 8.6 அளவான நிலநடுக்கம். புதிய அமைப்பு தொடங்கிய பின் வந்த முதலாவது பெரிய சோதனை அது. மக்கள் மீண்டும் கரையைவிட்டு ஓடினார்கள். நிலத்தட்டுகள் மேலும் கீழுமாக அசையாமல் பக்கவாட்டில் உராய்ந்தபடியால் கடல் நீர் பெரிதாகத் தூக்கப்படவில்லை. அன்றும் அலை வரவில்லை.

அன்று மாலை மைத்துனர் தொலைபேசியில் கேட்டார்: "எத்தனை தரம் ஓடுறது மச்சான்?"

முன்னெச்சரிக்கை அமைப்பை வடிவமைப்பவர்கள் விடை சொல்ல வேண்டிய மிகக் கடினமான கேள்வி இதுவே. அலை எழுந்ததை உறுதிசெய்த பின்னரே சொல்வோம் என்று காத்திருந்தால் தப்பும் நேரம் குறையும். உடனே சொன்னால் பலமுறை பொய்யாகும். பொய்யானால் மக்கள் அடுத்த முறை அசையமாட்டார்கள். ஆழ்கடல் மிதவைகள் முக்கியமாவது இதனால்தான். அவை விரைவில் "ஆபத்து நீங்கியது" என்று சொல்லவும் உதவும். ஆனால் மிதவையும் கோபுரமும் பராமரிப்பின்றி நிலைப்பதில்லை. இந்தோனேசியாவின் மிதவைகள் சேதமாகிப் பழுதடைந்து, 2018 செப்டெம்பர் 28 அன்று பாலு நகரைக் கடல் தாக்கியபோது ஒன்றேனும் இயங்கவில்லை. நமது 77 கோபுரங்களில் பல செயலிழந்துவிட்டன என்று பிற்காலத்தில் பத்திரிகைகளில் செய்தி வந்தது. ஆபத்து வராத ஆண்டுகளில் செலவுக் கணக்கில் முதலில் வெட்டுப்படுவது இத்தகைய பராமரிப்புத்தான். கருவிகளும் பயிற்சியும் ஒருங்கே பெற்ற ஜப்பானில்கூட, 2011 மார்ச் 11 அன்று மூன்று நிமிடங்களில் வெளிவந்த எச்சரிக்கை, அலையின் உயரத்தை முதலில் குறைத்தே மதிப்பிட்டது. அந்த எண்ணை நம்பி நின்றவர்கள் மாண்டார்கள். கமயிஷி நகரின் பள்ளிப் பிள்ளைகளோ எண்ணுக்குக் காத்திராமல், பழகிய பழக்கப்படி மேட்டை நோக்கி ஓடித் தப்பினார்கள்.

கல்லடிக்கு இதில் எது பொருந்தும்? பழைய இரும்புப் பாலம் ஒரு நேரத்தில் ஒரு திசை வாகனங்களையே தாங்கும் ஒடுங்கிய பாலம். 2005இலும் 2007இலும் 2012இலும் மக்களுக்கு இருந்தது அதுதான். ஜப்பானிய உதவியுடன் கட்டப்பட்ட அகலமான புதிய பாலம் 2013 மார்ச்சில் திறக்கப்பட்டது. திறப்பு விழாவில் போக்குவரத்து வசதி பற்றிப் பேசியிருப்பார்கள். என்னைக் கேட்டால், முன்னெச்சரிக்கை அமைப்பின் மிக முக்கியமான உறுப்புகளில் ஒன்று அன்று திறக்கப்பட்டது என்பேன். ஹைதராபாத்தில் கணினி எவ்வளவு வேகமாகக் கணக்கிட்டாலும், நாவலடியில் இருந்து ஒரு கிழவி நடந்து பாலத்தை அடைய எத்தனை நிமிடம் ஆகும் என்பதையும் அந்தக் கணக்கில் சேர்க்க வேண்டும். அவளால் நடக்க முடியாதெனில் அருகில் எந்த மாடிக் கட்டடத்தில் ஏறுவாள், அதன் திறப்பு இரவில் யாரிடம் இருக்கும் என்பதும் அமைப்பின் பகுதியே. இவற்றைக் கொழும்பில் இருந்துகொண்டு எழுத முடியாது. ஊரில் நடந்து பார்த்துத்தான் எழுத வேண்டும்.

மைத்துனரின் கேள்விக்கு 2012இல் நான் சொன்ன பதிலையே இன்றும் சொல்வேன். "வராத அலைக்கு மூன்று தரம் ஓடினீங்கள். வந்த அலைக்கு ஒரு தரம் ஓடவில்லை. எந்தக் கணக்கு பெரிது?" அவர் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "அதுவும் சரிதான்" என்றார்.

நான் ஓய்வுபெற்ற நாளில் மேசையை ஒழுங்குபடுத்தியபோது இரண்டு தாள்கள் எஞ்சின. ஒன்று அந்த மூன்று அங்குலக் குறிப்பு; அதை வீட்டுக்கு எடுத்துவந்துவிட்டேன். மற்றையது தொலைபேசி இலக்கங்கள் எழுதிய தாள். அதிலிருந்த இலக்கங்களில் பாதிக்கு மேல் மாறியிருந்தன. ஒரு வாரம் ஒவ்வொருவராகத் தேடி விசாரித்து, புதிதாக எழுதி, என் நாற்காலியில் அமரவிருந்த இளைஞரிடம் கொடுத்தேன். ஆண்டுக்கு ஒருமுறையாவது எல்லா இலக்கங்களுக்கும் அழைத்துப் பார், எடுப்பவரின் பெயரைக் கேட்டு எழுதிக்கொள் என்றேன். டிசம்பர் 26 காலையில், மௌனத்துக்குச் சற்று முன்னதாகச் செய்தால் நல்லது என்றும் சொன்னேன்.